இரட்டைக் கழுத்து கிட்டாரோடு குதித்த பையனும் அவன் அக்காவும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கறுப்பு வெள்ளைக் காட்சி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தன் உடம்பில் பாதி அளவு இருக்கும் இரண்டு கழுத்து கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடை முழுக்கத் துள்ளுகிறான். பக்கத்தில் கொஞ்சம் பெரிய பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே பாடுகிறாள். இவர்கள் யார், இவ்வளவு திறமை இருந்தும் ஏன் பெயர் தெரியவில்லை, பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?

அவர்கள் காலின்ஸ் கிட்ஸ். அக்கா லோரி காலின்ஸ், தம்பி லாரி காலின்ஸ். தமிழில் எழுதும்போது இந்தப் பெயர்கள் பெரிய தொல்லை. மணல் லாரி நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. லோரி என்றால் அக்கா, லாரி என்றால் தம்பி, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இரட்டையர் என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. லோரி பிறந்தது 1942 மே 7. லாரி பிறந்தது 1944 அக்டோபர் 4. இரண்டரை வயது வித்தியாசம்.

பெயர் தெரியவில்லை என்று கேட்டீர்கள். அவர்கள் ஒன்றாகப் பாடிய காலத்தில் ஒரு பாட்டுகூட அமெரிக்க ஹிட் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் தம்பி பிற்பாடு எழுதிய பாட்டு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. ஆங்கிலப் பாட்டு கேட்கும் வீடுகளில் எழுபதுகளில் வளர்ந்தவர்கள் அதை நிச்சயம் கேட்டிருப்பார்கள். எழுதியவர் பெயரை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆக, சிறு வயதில் எல்லார் கண் முன்னாலும் நின்று ஆடியபோது கிடைக்காதது, யார் கண்ணிலும் படாமல் எழுதியபோது கிடைத்தது.

ஊர் ஓக்லஹோமா. டல்சா நகரத்தை ஒட்டிய கிராமப்புறம், சின்னப் பால்பண்ணைக் குடும்பம். லோரிக்கு எட்டு வயதாக இருக்கும்போது டல்சாவில் ஒரு பாட்டுப் போட்டியில் ஜெயித்தாள். அதை நடத்தியவர் லியன் மெக்காலிஃப். பாப் வில்ஸ் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்துப் பெரும் புகழ் பெற்றவர், ஆகவே அவர் வாக்குக்கு எடை இருந்தது. இந்தப் பெண்ணை கலிஃபோர்னியாவுக்கு அழைத்துப் போங்கள், அங்கேதான் வாய்ப்பு இருக்கிறது என்று பெற்றோரிடம் சொன்னார். அவர்களும் யோசித்து, 1953-ல் மூட்டை கட்டினார்கள். இடையில் தம்பி கையில் கிட்டார் வந்துவிட்டது. லோரியை முன்னிறுத்திக் கிளம்பிய பயணத்தில் தம்பி துணைக்கு வந்தவன் மாதிரிதான் ஆரம்பித்தான்.

ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போவது அந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. முப்பதுகளின் வறட்சியிலும் புழுதிப் புயலிலும் நிலத்தை இழந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் மேற்கே போயின. அப்புறம் போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலை, கப்பல் கட்டும் தளம் என்று வேலைக்குப் போனவர்கள் வேறு. அவர்களோடு அவர்கள் பாட்டும் போனது. அதனால் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமப்புற இசைக்குப் பெரிய கூட்டம் இருந்தது. டென்னசியின் நாஷ்வில் மட்டும்தான் கன்ட்ரியின் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை புரியாது.

அந்தக் கூட்டத்துக்காகவே நடந்த நிகழ்ச்சி 'டவுன் ஹால் பார்ட்டி'. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே காம்ப்டன் என்ற ஊரில் ஒரு கூடத்தில் ஆட்டம் பாட்டத்தோடு நடக்கும். சனிக்கிழமை இரவு மூன்று மணி நேரம் கே.டி.டி.வி. தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும். டெக்ஸ் ரிட்டர், மெர்ல் டிராவிஸ், ஜானி பாண்ட், ஜோ மேஃபிஸ், அவர் மனைவி ரோஸ் லீ என்று பெரிய கைகள் நிரந்தரமாக இருந்த மேடை. ஜானி கேஷ், எடி காக்ரன், ஜீன் வின்சென்ட் எல்லாரும் விருந்தாளிகளாக வந்து போனார்கள். 1954 தொடக்கத்தில் இந்தப் பிள்ளைகள் அங்கே ஏறியபோது அக்காவுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஒன்பது. ஏறிய வேகத்தில் நிரந்தரமாகவே சேர்த்துக்கொண்டார்கள். 1957-லிருந்து டெக்ஸ் ரிட்டரின் 'ராஞ்ச் பார்ட்டி' என்ற அரைமணி நிகழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. அது படச்சுருளில் பதிவாகி நாடு முழுக்கப் பல நிலையங்களுக்கு விற்கப்பட்டது. இன்று நாம் அவர்களைப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு இந்தச் சுருள்களும் ஒரு காரணம்.

இனி அந்த கிட்டாருக்கு வருகிறேன், எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதானே.

அதைக் கட்டியவர் செமி மோஸ்லி. அவரும் ஓக்லஹோமாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர்தான். 1954-ல், இன்னும் இருபது வயதுகூட ஆகாத நிலையில், ஜோ மேஃபிஸுக்காக ஒரு இரட்டைக் கழுத்து கிட்டார் செய்து கொடுத்தார். ஒரு கழுத்து சாதாரண கிட்டார். இன்னொன்று குட்டையானது, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மேண்டலின் மாதிரி கீச்சென்ற சத்தம் வரும். மேஃபிஸ் அந்த வட்டாரத்திலேயே அதிவேகமான விரல்காரர். மேடைக்குப் பின்னால் அவரிடம் ஒட்டிக்கொண்டுதான் லாரி வாசிப்பைப் படித்தான். குரு வைத்திருப்பது போலவே சிஷ்யனுக்கும் மோஸ்லி கடையின் மோஸ்ரைட் என்ற பெயரில் ஒரு இரட்டைக் கழுத்து கிட்டார் வந்து சேர்ந்தது, கழுத்தில் பெயர் பதித்து. மோஸ்ரைட் என்ற பெயர் அறுபதுகளில் வென்ச்சர்ஸ் குழுவாலும் பிற்பாடு ராமோன்ஸின் ஜானி ராமோனாலும் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆரம்ப நாட்களில் அந்தக் கடைக்கு நடமாடும் விளம்பரமாக இருந்தவர்கள் மேஃபிஸும் இந்தப் பொடியனும்தான்.

குருவும் சிஷ்யனும் சேர்ந்து 'ஹரிக்கேன்' என்று வெறும் கிட்டார் இசையாகவே ஒரு துண்டு பதிவு செய்திருக்கிறார்கள். பெயருக்கு ஏற்ற வேகம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது பெரியவர், எது பையன் என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. இதைச் சும்மா புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். தென் கலிஃபோர்னியாவின் கடலோரத்தில் சில வருடம் கழித்து 'சர்ஃப்' கிட்டார் என்று ஒரு பாணி கிளம்பியதே, அதன் முன்னோடி டிக் டேலிடம் லாரியின் வாசிப்புச் சாயல் இருக்கிறது என்று கிட்டார்காரர்கள் சொல்வதுண்டு. டிக் டேலும் டவுன் ஹால் பார்ட்டி மேடையில் வந்து போனவர் என்பதால் அதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது.

எல்லாரும் தம்பியையே பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. குழுவின் குரல் லோரிதான். அடி வயிற்றிலிருந்து வரும் கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரலா என்று இருக்கும். துள்ளல் பாட்டில் அதட்டுவாள், மெதுவான பாட்டில் குழைவாள். அதே ஓக்லஹோமாவிலிருந்து வந்த வாண்டா ஜாக்சனை ராக்கபிலியின் ராணி என்கிறார்கள், நியாயமான பட்டம்தான். ஆனால் வாண்டா கன்ட்ரியிலிருந்து ராக் பக்கம் திரும்பிய அதே வருடங்களில், இந்தச் சின்னப் பெண்ணும் வாராவாரம் தொலைக்காட்சியில் அதையே செய்துகொண்டிருந்தாள். ராக்கபிலி என்ற சொல் புதிதாக இருந்தால்: கன்ட்ரிப் பாட்டின் கிட்டாரும் கறுப்பர்களின் ரிதம் அண்ட் புளூஸ் தாளமும் கலந்து ஐம்பதுகளின் நடுவில் பிறந்த வேகமான இசை. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் பதிவுகள் அந்த ரகம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். ஏன் ஹிட் ஆகவில்லை?

நிறுவனம் சின்னது என்று சொல்ல முடியாது. 1955-ல் கொலம்பியா அவர்களை ஒப்பந்தம் செய்தது. அந்த அக்டோபரில் முதல் பதிவு. 'பீட்டில் பக் பாப்' என்று ஒரு துள்ளல் பாட்டு. வண்டுக்கும் பூச்சிக்கும் நடக்கும் கூத்து, குழந்தைகளுக்கு ஏற்றது. அப்புறம் 'ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்', 'ஹாய் ஹாய்', 'மெர்சி', 'ஹாட் ராட்' என்று வரிசையாக வந்தன. 1958-ல் 'விசில் பெய்ட்'. அதில் லாரி தனியாகப் பாடுகிறான், பதின்மூன்று வயதில், மகரக்கட்டு உடைவதற்கு முன்னால் இருக்கும் அந்தக் கீச்சுக் குரலில். தெருவில் போகும் அழகியைப் பார்த்து விசிலடிக்கும் பெரியவர்கள் பாட்டு அது. அதை இந்தக் குரலில் கேட்கும்போது சிரிப்பும் வரும், கிட்டாரைக் கேட்டு வாயும் பிளக்கும். இன்று ராக்கபிலி ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுவது இதைத்தான். அன்று வாங்க ஆளில்லை.

என் கணிப்பில் மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்து அவர்களைக் கவிழ்த்தன. கொலம்பியாவின் பாப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மிட்ச் மில்லருக்கு ராக் அண்ட் ரோல் என்றாலே ஆகாது, வெளிப்படையாகவே திட்டியவர். அப்படிப்பட்ட வீட்டில் ராக்கபிலிக் குழந்தைகளுக்கு யார் கைகொடுப்பார்கள்? கன்ட்ரி வானொலிக்கு இவர்கள் அதிக வேகம். ராக் கேட்கும் இளவட்டத்துக்கோ, இவர்கள் தங்களைவிடச் சின்னப் பிள்ளைகள். காதல் பாட்டைத் தம்பியோடு சேர்ந்து பாடும் அக்காவிடம் பதினேழு வயதுப் பையன் எதைக் கண்டு மயங்குவான்? அடுத்தது, வாராவாரம் சனிக்கிழமை காம்ப்டனில் இருந்தாக வேண்டும். கிழக்கே போய் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி, வானொலிக்காரர்களைப் பார்த்து, பாட்டைத் தள்ளிவிடும் வேலை நடக்கவில்லை.

இதையெல்லாம் தாண்டி இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இவர்கள் பார்க்க வேண்டிய குழு. லாரி ஒரு நிமிடம் நிற்க மாட்டான். ஒற்றைக் காலில் தவளைபோல் போவான், அக்கா பாடும்போது பின்னால் நின்று கோமாளித்தனம் செய்வான், கிட்டார் தனிக்கு முறை வந்ததும் திடீரென்று முகம் மாறி அனல் பறக்கும். லோரி அவனைப் பார்க்காத மாதிரியே பார்ப்பாள். இந்த விளையாட்டு இசைத்தட்டில் ஏறவே இல்லை. தட்டில் கேட்டால் நல்ல பாட்டு. படத்தில் பார்த்தால் கண் எடுக்க முடியாது.

1957-ல்தான் எவர்லி பிரதர்ஸ் வந்தார்கள். அவர்களும் கன்ட்ரிக் குடும்பத்திலிருந்து வந்த உடன்பிறப்புகள். இரண்டு அண்ணன் தம்பிகளும் ஒரே மூச்சு போலப் பாடினார்கள். கன்ட்ரியில் உடன்பிறந்தோர் குரலுக்குப் பெரிய மரியாதை உண்டு: டெல்மோர் பிரதர்ஸ், லூவின் பிரதர்ஸ் என்று நீண்ட வரிசை. ஒரே வீட்டில், ஒரே பேச்சில் வளர்ந்த குரல்கள் உச்சரிப்பிலும் மூச்சிலும் தானாகவே பொருந்திவிடும், வெளியாட்கள் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அது வராது என்பார்கள். எவர்லிகளுக்குக் கூடுதலாக ஓர் அதிர்ஷ்டம்: பூட்லோ பிரையன்ட், ஃபெலீஸ் பிரையன்ட் என்ற கணவன் மனைவி அவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஹிட் எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தம்பதியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வருவார்கள்.

லோரியின் வாழ்க்கை இதற்குள் வேறு திசையில் திரும்பியது. அப்போது அமெரிக்கப் பெண்பிள்ளைகளின் கனவு நாயகன் ரிக்கி நெல்சன், 'ஓஸி அண்ட் ஹேரியட்' தொடரில் தன் சொந்தக் குடும்பத்தோடு நடித்து, பாட்டிலும் நட்சத்திரமானவர். அவரும் லோரியும் பழகினார்கள். 1958-ல் தொடரிலும் அவருக்குத் தோழியாக லோரி வந்தாள். நிஜத்தில் காதலர்கள், திரையிலும் காதலர்கள் என்பதால் பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கல்யாணம் வரை போகும் என்றுகூட எழுதினார்கள்.

போகவில்லை. 1959-ல் லோரி கல்யாணம் செய்துகொண்டது ஸ்டூ கார்னலை. ஜானி கேஷின் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் அவர், லோரியைவிட வெகுவாக மூத்தவர். கேஷ் அப்போது டென்னசியை விட்டு கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்திருந்தார். காலின்ஸ் கிட்ஸ் அவரோடு மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள். சுற்றுப்பயணத்தில் பழக்கம். மணப்பெண்ணுக்குப் பதினேழு வயது. இன்றைய கண்ணால் பார்த்தால் நெருடத்தான் செய்யும். ஐந்தாறு வருடமாகக் குடும்பமே நடத்திவந்த ஒரு குழுவிலிருந்து ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட வழி அது என்றும் பார்க்கலாம். எனக்கு இரண்டுமே தோன்றும்.

அதற்குப் பிறகு குழு மெல்லக் கரைந்தது. 1961-ல் டவுன் ஹால் பார்ட்டியும் முடிந்தது. குழந்தை பிறந்ததும் லோரி வீட்டோடு இருந்தார். லாரி தனியாகவும், அவ்வப்போது அக்காவோடு நெவாடாவின் கேளிக்கைக் கூடங்களிலும் வாசித்தார். ஆனால் குழந்தை நட்சத்திரங்களுக்கு வரும் அந்தப் பழைய கஷ்டம் அவருக்கும் வந்தது. ஒன்பது வயதில் ஒற்றைக் காலில் குதித்தால் ஊரே கைதட்டும், இருபது வயதில் அதையே செய்தால்? குரலும் உடைந்துவிட்டது. பெயரில் வேறு 'கிட்ஸ்' ஒட்டிக்கொண்டிருந்தது.

லாரி எழுத உட்கார்ந்தார்.

அங்கேதான் அலெக்ஸ் ஹார்வி வருகிறார், டென்னசியின் பிரவுன்ஸ்வில் ஊர்க்காரர். (ஸ்காட்லாந்தில் அதே பெயரில் ஒரு ராக் பாடகர் உண்டு, அவர் வேறு.) இருவரும் சேர்ந்து எழுதியவற்றில் 'டல்சா டர்ன்அரவுண்ட்' என்ற பாட்டைக் கென்னி ரோஜர்ஸ் பாடினார். நல்ல பாட்டு. ஆனால் அவர்கள் பெயரைச் சரித்திரத்தில் வைத்தது 'டெல்டா டான்'.

அது பிறந்த கதையை ஹார்வி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடப் போகிறார். அம்மாவுக்குக் குடிப்பழக்கம், வந்தால் அவமானமாகிவிடுமோ என்று பயந்து, நீ வராதே என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அம்மா காரை மரத்தில் மோதி இறந்துபோனார். தற்கொலையாக இருக்குமோ என்ற சந்தேகமும், தன்னால்தானோ என்ற குற்ற உணர்வும் வருடக்கணக்கில் அவரை அரித்தன. பிற்பாடு ஒரு நாள் லாரி காலின்ஸ் வீட்டில் நண்பர்கள் கூடி விடிய விடிய வாசித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். ஹார்வி மட்டும் விழித்திருந்தார். அம்மா ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பதுபோல் தெரிந்ததாம். பாட்டின் தொடக்கம் வந்தது, லாரியை எழுப்பினார், இருவரும் சேர்ந்து முடித்தார்கள்.

பாட்டின் நாயகி நாற்பத்தொரு வயதுப் பெண். ஒரு காலத்தில் ஊரே பார்த்த அழகி. யாரோ ஒருவன் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இவள் இன்றும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரவுன்ஸ்வில் தெருக்களில் அவனுக்காகக் காத்திருக்கிறாள், ஊர் பைத்தியம் என்கிறது. ஹார்வியின் அம்மா கதை அப்படியே இல்லை. ஆனால் அந்தத் துக்கம் உள்ளே ஓடுவது தெரியும்.

பாட்டு ஊர்வலம் போன வழியும் சுவாரஸ்யம். ஹார்வியே 1971-ல் தன் ஆல்பத்தில் பாடினார். பெட் மிட்லர் தன் 1972 முதல் ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டார். மிட்லர் அதைத் தொலைக்காட்சியில் பாடுவதைக் கேட்ட நாஷ்வில் தயாரிப்பாளர் பில்லி ஷெரில், தன்னிடம் புதிதாக வந்திருந்த ஒரு சிறுமிக்குக் கொடுத்தார். அவர்தான் டான்யா டக்கர், வயது பதின்மூன்று. 1972-ல் கன்ட்ரிப் பட்டியலில் ஆறாம் இடம், ஒரே நாளில் நட்சத்திரம். அடுத்த வருடம் ஆஸ்திரேலியப் பாடகி ஹெலன் ரெட்டி பாடினார். அந்த இசைத்தடம் முதலில் பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்காகத் தயாரானது, அவர் வேண்டாம் என்றதால் ரெட்டிக்கு வந்தது என்பது தனிக் கதை. 1973 செப்டம்பரில் அது பில்போர்டு பத்திரிகையின் அமெரிக்க ஹிட் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

டான்யா டக்கரின் வயதைக் கவனித்தீர்களா? பெரியவர்கள் பாட்டைப் பதின்மூன்று வயதுக் குரல் பாடுவது. 1958-ல் லாரி 'விசில் பெய்ட்' பாடியபோது அவருக்கும் அதே வயது. அப்போது அமெரிக்காவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. பதினான்கு வருடம் கழித்து அதே அமெரிக்கா அதே வயதுக் குழந்தையின் குரலை வாரி அணைத்துக்கொண்டது. லாரி இதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, நான் அவர் இடத்தில் இருந்தால் ஒரு பெருமூச்சு விட்டிருப்பேன்.

இரண்டாவது பெரிய பாட்டு ஓக்லஹோமாவைப் பற்றியே. சாண்டி பிங்கர்ட் என்பவரோடு சேர்ந்து எழுதியது: 'யூ ஆர் தி ரீசன் காட் மேட் ஓக்லஹோமா'. கடவுள் ஓக்லஹோமாவைப் படைத்ததே உனக்காகத்தான் என்று அர்த்தம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்துவிட்டவளும் ஊரில் இருக்கும் அவள் காதலனும் ஒருவரை ஒருவர் நினைத்துப் பாடும் ஜோடிப் பாட்டு. சின்ன வயதில் அந்த மண்ணை விட்டு அதே லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தவர் எழுதினார் என்று தெரிந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

பாடியவர்கள் டேவிட் ஃபிரிசல், ஷெல்லி வெஸ்ட். டேவிட், புகழ்பெற்ற கன்ட்ரிப் பாடகர் லெஃப்டி ஃபிரிசலின் தம்பி. ஷெல்லி, பாடகி டாட்டி வெஸ்டின் மகள். ஷெல்லிக்கு டேவிட்டின் இன்னொரு சகோதரனோடு கல்யாணம் ஆகியிருந்தது. ஆக அதுவும் ஒரு வகையில் குடும்ப ஜோடிதான். பாட்டை நிறுவனங்கள் வாங்க மறுத்தன. தயாரிப்பாளர் ஸ்னஃப் காரட் மூலமாக நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் காதுக்குப் போய், 1980-ல் வந்த அவருடைய 'எனி விச் வே யூ கேன்' படத்தில் இடம்பிடித்தது. 1981-ல் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம். அந்த வருடமும் அடுத்த வருடமும் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த ஜோடி விருது ஃபிரிசலுக்கும் வெஸ்டுக்கும்.

எழுதியவர்கள் பட்டியலில் இன்னும் இரண்டு பெயர் உண்டு: பூட்லோ பிரையன்ட், ஃபெலீஸ் பிரையன்ட். ஆமாம், எவர்லிகளுக்கு எழுதிய அதே தம்பதி. மெட்டு அவர்களுடைய 'ராக்கி டாப்' பாட்டோடு ஒத்துப்போனதால் உரிமையில் பங்கு போனது. ஐம்பதுகளில் போட்டி உடன்பிறப்புக் குழுவுக்கு ஹிட்டாக எழுதிக் கொடுத்தவர்கள், இருபது வருடம் கழித்து லாரியின் ஹிட்டில் பங்குக்கு வந்து நின்றார்கள். கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

இதெல்லாம் நடக்கும்போது லோரி மேடையில் இல்லை. ஆனால் பழைய தட்டுகள் ஐரோப்பாவில் கைமாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ராக்கபிலியைத் தேடித் தேடிச் சேர்க்கும் கூட்டம் எழுபதுகளிலிருந்தே இருந்தது. அமெரிக்கா மறந்தவர்களை அவர்கள் மறக்கவில்லை. ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் காலின்ஸ் கிட்ஸ் பதிவுகளைத் திரட்டி குறுந்தகட்டுத் தொகுப்பாக வெளியிட்டது. டவுன் ஹால் பார்ட்டி படச்சுருள்களிலிருந்து இவர்கள் வரும் பகுதிகளைத் தனியாகப் பிரித்து டிவிடி போட்டதும் அவர்களே. இன்று கண்ணில் படும் துண்டுக் காட்சிகளில் பலவும் அந்தச் சுருள்களின் பிள்ளைகள்.

1993-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹெம்ஸ்பி என்ற கடலோர ஊரில் நடக்கும் ராக்கபிலித் திருவிழாவுக்கு இருவரையும் அழைத்தார்கள். லோரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது, லாரி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பழைய பாட்டுகள், அதே இரட்டைக் கழுத்து. கீழே நின்றவர்களில் நிறையப் பேர் இந்தப் பாட்டுகள் பதிவானபோது பிறந்தேயிராதவர்கள், ஆனால் வரிக்கு வரி தெரிந்து கூடவே பாடுகிறவர்கள். அதற்குப் பிறகு பல வருடம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிப்பட்ட விழாக்களில் சேர்ந்து பாடினார்கள். 'ஹிட் இல்லாத குழு' என்ற குறை அந்தக் கூட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை 'ஹாய் ஹாய்'தான் வேதம்.

லோரி 2018 ஆகஸ்ட் 4 அன்று, 76 வயதில் காலமானார். லாரி 2024 ஜனவரி 5 அன்று, 79 வயதில். இரங்கல் செய்திகளில் லாரியின் பெயருக்கு முன்னால் 'டெல்டா டான்' எழுதியவர் என்றே போட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். தட்டில் கேட்பதற்கு முன்னால் பாருங்கள்: 'ஹாய் ஹாய்', 'ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்' இரண்டும் டவுன் ஹால் பார்ட்டி காட்சியாகவே கிடைக்கும். அப்புறம் மேஃபிஸோடு சேர்ந்து வாசித்த 'ஹரிக்கேன்'. லோரியின் மெதுவான பாட்டுகளுக்கு அதற்குப் பிறகு வாருங்கள், அவசரமில்லை. 'டெல்டா டான்' பாட்டுக்கு என் ஓட்டு டான்யா டக்கருக்கே. ரெட்டியின் பதிவு நன்றாக மெருகேற்றியது. டக்கருடைய பதிவு தொடக்கத்தில் வாத்தியமில்லாமல் குரலை மட்டும் நம்பி நிற்கிறது.

அந்தக் காட்சியை மறுபடி போடும்போது ஒரு தடவை மட்டும் பையனை விட்டுவிட்டு அக்காவின் வலது கையைப் பாருங்கள். அவன் எங்கே குதித்தாலும், எந்தக் கழுத்துக்குத் தாவினாலும், சாதாரண மரக் கிட்டாரில் அந்தக் கை தாளம் பிசகாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.